சோலார் சார்ஜர் வாங்குமுன் ஒரு கணக்கு



போன மடலில் குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை வெயிலில் வைத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றும் சிறிய சோலார் சார்ஜர் பற்றி எழுதும்படி நாலைந்து பேர் கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் வாங்கலாமா என்று கேட்டவர்கள். மற்றப் பாதிப்பேர் வாங்கிவிட்டு, "ஏன் சேர், இது ஏறவே மாட்டேங்குது?" என்று கேட்டவர்கள். இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022இல் கரண்ட் வெட்டு இருந்ததே, மார்ச் 31ஆந் திகதி ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அதற்குப் பிறகு பயந்து போய் டவுனில் ஒன்று வாங்கினேன். அது இப்போது என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்கப் பாரமாக வைக்கப் பயன்படுகிறது.

ஆனால் இந்தப் பாடத்தை எழுத வைத்தது என்னுடைய சார்ஜர் அல்ல, மேல் டிவிஷனில் ஒரு அக்கா வாங்கிய சார்ஜர்.

2025ஆம் ஆண்டு தீபாவளி அட்வான்ஸ் கிடைத்த கிழமையில் அவர் அதை வாங்கினார். நாலு நாள் பேருக்குரிய காசு. மகள் உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறாள், கரண்ட் போனாலும் போன் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நல்ல எண்ணம். கடைக்காரர், "வெயில் பட்டாப் போதும் அக்கா, கரண்டே தேவையில்ல" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மழை விடவில்லை, லயத்தில் கரண்ட் போனது, கீழ் ரோட்டில் மண் சரிந்தது. வீட்டிலிருந்த ஒரே போனில் நூற்றுக்கு 9 தான் மிச்சம். அக்கா சார்ஜரை இஸ்தோப்பின் ஓரத்தில், மழை படாத இடத்தில் வைத்தார். அதில் பச்சை லைட் எரிந்தது. "லைட் எரியுது, ஏறுதுன்னு தானே சேர் நினைச்சோம்" என்றார் பிறகு. இரண்டு நாள் வைத்தும் போன் ஒன்றும் ஏறவில்லை. போன் செத்துப் போனது.

பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட அறிவித்தல் அதற்குள் வந்துவிட்டது. அந்த வீட்டுக்குத் தெரியாது. தகப்பனும் மகளும் விடியற்காலையில் பொலித்தீன் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு, சரிந்த ரோட்டு வழியாக நடந்தே பரீட்சை நிலையத்துக்குப் போகப் புறப்பட்டார்கள். கோடிக் காம்பிராவில் இருக்கும் தாத்தா ஒருவர், இரண்டு டோச் பெட்டரி போட்ட பழைய ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "எங்கப்பா போறீங்க? சோதனையத்தான் தள்ளி வச்சிட்டாங்களே!" என்று கூப்பிட்டு நிறுத்தினார். அன்று பகலும் அந்த ரோட்டில் மண் விழுந்தது.

அந்தச் சார்ஜர் பழுதானது அல்ல. நான் வாங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் செய்ய முடிந்ததைத்தான் அது செய்தது. அதனால் எவ்வளவு செய்ய முடியும் என்பதைத்தான் யாரும் அந்த அக்காவுக்குச் சொல்லவில்லை. ஆகவே பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழாம் வகுப்புக் கணக்குத்தான், பயப்பட வேண்டாம்.

மழைக்கு வாசலில் பாத்திரம் வைக்கிறோம். டம்ளர் வைத்தால் கொஞ்சம் தண்ணீர் சேரும், தாச்சி வைத்தால் அதிகம் சேரும். மழை ஒன்றுதான், பாத்திரத்தின் வாய்தான் வேறு. வெயிலும் அப்படியே. முகில் இல்லாத உச்சி வெயில், ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள இடத்தில் நேராக விழுந்தால் அங்கே சுமார் 1,000 வாட் சக்தி விழுகிறது. அந்த இடம் 10,000 சதுர சென்ரிமீற்றர். நம்முடைய சார்ஜரின் முதுகில் இருக்கும் கறுப்புத் தகட்டை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 15 சென்ரிமீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். பெருக்கினால் 120. அப்படியானால் அதன் பங்குக்கு விழுகிற வெயில் 12 வாட் மட்டுமே.

அந்த 12 வாட்டும் கரண்ட் ஆகாது. நல்ல தகடு நூற்றுக்கு 20 பங்கைத்தான் கரண்ட் ஆக்கும், மற்றது சூடாகப் போய்விடும். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாகச் செய்து காட்டிய சிலிக்கன் தகடு நூற்றுக்கு 6 பங்கைத்தான் மாற்றியது. அதிலிருந்து பார்த்தால் 20 என்பது பெரிய முன்னேற்றம். ஆனாலும் 12 வாட்டில் அது 2 வாட் சொச்சம். தகடு சூடேறுவது, சரிந்து கிடப்பது, மலிவான தகடாக இருப்பது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 1 வாட் அல்லது ஒன்றேகால் வாட். சுவரில் குத்துகிற சாதாரண சார்ஜர் 10 வாட் கொடுக்கும். ஒரு மணித்தியாலத்தில் சுவர் கொடுப்பதை, நல்ல வெயில் எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் நின்று கொடுக்க வேண்டும்.

இப்போது போனைப் பாருங்கள். இந்தக் காலத்து டச் போன்களில் பெட்டரி பெரும்பாலும் 5,000 மில்லி அம்பியர் மணி. சக்திக் கணக்கில் அது சுமார் 19 வாட் மணி. வெயிலிலிருந்து சார்ஜரின் பெட்டரிக்கு, அதிலிருந்து போன் பெட்டரிக்கு என்று இரண்டு தடவை பாத்திரம் மாற்றுகிறோம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். அந்தச் சேதாரத்தையும் சேர்த்தால் போனை முழுதாக நிரப்ப இருபது மணித்தியாலத்துக்கு மேல் உச்சி வெயில் வேண்டும். நம்முடைய மலையில் நல்ல நாளிலும் அப்படிப்பட்ட வெயில் நாலு, ஐந்து மணித்தியாலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆக ஐந்து நாள், அதுவும் யாரும் போனைத் தொடாமல் இருந்தால். சார்ஜருக்குள் இருக்கும் 10,000 என்று எழுதிய பெட்டரியை வெயிலால் மட்டும் நிரப்ப வேண்டுமென்றால் ஒரு கிழமைக்கு மேல் ஆகும். பீலியில் நூல் போல வரும் தண்ணீரை வைத்துப் பெரிய பீப்பாயை நிரப்புகிற கதைதான்.

கணக்கை மட்டும் நம்பாமல் செய்தும் பார்த்தேன். பெப்ரவரி மாதம் முகிலே இல்லாத ஒரு நாள், சார்ஜரை முழுக்கக் காலியாக்கிக் காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை வெளியே வைத்து, அரை மணிக்கு ஒருதடவை வெயிலுக்குத் திருப்பியும் விட்டேன். பிறகு போனில் குத்தினேன். போன் நூற்றுக்கு 14 ஏறியது. யூலை மாதம் தூறலும் பனிமூட்டமுமாக இருந்த நாளில் அதே மாதிரி செய்தேன். போன் ஒரு தடவை 'டிங்' என்று சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

மூடுபனி

இங்கேதான் நமக்கும் மற்ற ஊர்க்காரருக்கும் வித்தியாசம். அனுராதபுரத்திலோ அம்பாந்தோட்டையிலோ இருப்பவர் இதே சார்ஜரை வைத்து ஓரளவுக்குச் சமாளிப்பார். தடித்த முகில் மூடினால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக, ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு வாட் கொடுத்த தகடு அப்போது கொடுப்பது 0.1 அல்லது 0.2 வாட். கண்ணுக்கு வெளிச்சமாகத்தானே தெரிகிறது என்பீர்கள். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும், அதனால் நம்மை ஏமாற்றும். தகட்டுக்கு அந்த வித்தை தெரியாது. பெட்டரிக்குள் கரண்டைத் தள்ள ஓரளவு அழுத்தமும் வேண்டும். அது இல்லாவிட்டால் கொஞ்சமும் உள்ளே போகாது. ஆனால் அந்தப் பச்சை லைட் எரிவதற்கு மிகக் கொஞ்சம் கரண்ட் போதும். அதனால் மழை நாளிலும் எரியும், ஜன்னலோரத்திலும் எரியும். தகட்டில் வெளிச்சம் படுகிறது என்பதற்குத்தான் அந்த லைட் அடையாளம், பெட்டரி நிரம்புகிறது என்பதற்கு அல்ல. அக்காவின் வீட்டில் நடந்தது இதுதான்.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே அந்த மாதங்களில் சோலார் சார்ஜர் வீட்டுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்தாருக்கு இது தலைகீழ். யூன், யூலையில் வெயில் நன்றாகக் கிடைக்கும், டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை மழை. ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச் கடைசி, ஏப்ரலிலும் எல்லாப் பக்கமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இடி, மழை. உங்கள் மலைக்கு எந்த மாதம் வெயில் என்பது கொழுந்து பறிக்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கரண்ட் எப்போது போகிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் காற்றிலும் மழையிலும் மரம் விழுந்துதான் போகிறது. அதாவது சார்ஜர் மிகவும் தேவைப்படுகிற நாள்தான் அது வேலை செய்யாத நாள்.

வெயில் உள்ள நாளிலும் நாம் செய்கிற சில பிழைகள் இருக்கின்றன. தகட்டின் மேல் ஒரு கொழுந்து இலை அளவு நிழல் விழுந்தால் என்ன என்று நினைக்கிறோம். தகட்டுக்குள் சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. தீப்பிடித்த இடத்துக்கு வரிசையாக நின்று வாளி கைமாற்றுகிறோம் அல்லவா? நடுவில் ஒருவர் கை தளர்ந்தால் முழு வரிசையும் நிற்கும். ஒரு துண்டில் நிழல் விழுந்தாலும் அப்படித்தான், பாதிக்கு மேல் குறைந்து போகலாம். கொடியில் காயும் சேலையின் நிழல், கூரை ஓரத்தின் நிழல், தகட்டில் படிந்த அடுப்புக் கரி எல்லாமே கணக்குத்தான். படங்குக்குப் பின்னால் கூடையில் தொங்கவிட்டுக்கொண்டு மலைக்குப் போன பிள்ளையையும் பார்த்தேன். குனிந்து நிமிர்ந்து பறிக்கும்போது தகடு ஒரு தடவை வானத்தையும் ஒன்பது தடவை செடியையும் பார்க்கும். அதில் ஏறுவது ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய பிழை, சார்ஜரைக் கூரைத் தகரத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது. இதைச் செய்யவே வேண்டாம். தகடும் பெட்டரியும் ஒரே உறைக்குள் இருப்பதுதான் இந்தச் சாமானின் அடிப்படைக் குறை. தகட்டுக்கு வெயில் வேண்டும், பெட்டரிக்கு வெயில் ஆகாது. உள்ளே இருக்கும் லித்தியம் பெட்டரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் ஏற்றக் கூடாது. கறுப்பு உறை, கீழே கொதிக்கும் தகரம், மேலே உச்சி வெயில் என்றால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்படி நாளாந்தம் வைத்தால் பெட்டரியின் ஆயுள் குறையும், சில வேளை உப்பிப் போகும். போனைச் சார்ஜரோடு சேர்த்து வெயிலில் வைப்பதும் அதே பிழைதான். போன் நிழலில் இருக்கட்டும், வயர் நீளமாக இருக்கட்டும்.

உப்பிய பெட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை, தாய்மாருக்கு விசேடமாக. அதை அமுக்கிப் பார்ப்பது, ஆணியால் குத்திக் காற்றை விடுவது, அடுப்பில் போடுவது எல்லாம் ஆபத்து. தீப்பிடித்து எரியும், புகையும் நஞ்சு. நமது லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்தால் அடுத்த காம்பிராவுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விறகு, துணி இல்லாத இடத்தில், பழைய தகரப் பேணியில் மணல் போட்டு அதில் வைத்து, பிள்ளைகள் கை படாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்

இந்தச் சார்ஜரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலுள்ள ஒரு நாளில் அது தரக்கூடிய சக்தி சுமார் 3 வாட் மணி என்று வைத்துக்கொள்வோம். டச் போனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் பட்டன் போனின் பெட்டரி 1,000 மில்லி அம்பியர் மணிதான், சக்தியில் 3.7 வாட் மணி. ஒரு நாள் வெயிலில் அது ஏறக்குறைய நிரம்பிவிடும், நிரம்பினால் பல நாள் தாங்கும். ஒரு வாட் எல்ஈடி விளக்கென்றால் இரவில் மூன்று மணித்தியாலம், பிள்ளை பாடம் படிக்கிற நேரத்துக்குச் சரி. சின்ன ரேடியோவுக்கும் போதும். பழைய பட்டன் போனைத் தூக்கி எறியாமல் ஒரு சிம் போட்டு வைத்திருக்கிற வீடு, விலை கூடிய சோலார் சார்ஜர் வைத்திருக்கிற வீட்டைவிடப் பாதுகாப்பானது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

டச் போனுக்கென்றால் தகடு இல்லாத நல்ல பவர் பேங்க் வாங்கி, கரண்ட் இருக்கும்போது சுவரில் குத்தி நிரப்பி வையுங்கள். 10,000 என்று எழுதியிருந்தால் போனுக்குப் போய்ச் சேருவது ஆறாயிரத்துச் சொச்சம்தான். அதாவது ஒரு டச் போனை ஒரு தடவை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். டவுன் கடைகளில் 50,000 என்றும் அதற்கு மேலும் எழுதி விற்கிறார்கள். அதைத் தராசில் போடுங்கள். உண்மையான 10,000 பெட்டரி 200 கிராம் அளவில் இருக்கும், 20,000 என்றால் பெரும்பாலும் 350 கிராம் அளவில் இருக்கும். 50,000 என்று எழுதிய சாமான் 200 கிராம் நின்றால் எழுத்தில் மட்டும்தான் ஐம்பதாயிரம். கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தால் கேள்வி கேட்கிற நாம், இதைக் கேட்காமல் விடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மடித்து விரிக்கிற பெரிய தகடுகளும் இப்போது வருகின்றன. 20 வாட் என்று எழுதியிருப்பது நல்ல வெயிலில் 12 அல்லது 14 வாட் தரும், உண்மையிலேயே போன் ஏறும். ஆனால் அதில் பெட்டரி கிடையாது. முகில் ஒன்று குறுக்கே போனால் சார்ஜ் நிற்கும். வெயில் திரும்பி வந்தாலும் சில போன்கள் தானாக மறுபடி ஏற்றத் தொடங்காது, வயரைக் கழற்றிக் குத்த வேண்டும். மலையில் நிற்கிறவர் யார் வந்து குத்துவது? ஆகவே தகட்டிலிருந்து நேரே போனுக்குக் கொடுக்காமல், இடையில் ஒரு பவர் பேங்கை நிழலில் வைத்து அதற்கு ஏற்றுங்கள்.

நான் பொடியனாக இருந்த காலத்தில் எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை. கார் பெட்டரியில் ரீவி பார்த்தோம். பெட்டரி இறங்கினால் அப்பா அதைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவார். அந்தக் கார் பெட்டரி முறைதான் இன்றைக்கும் சரியான வழி என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு, மூன்று வீடு சேர்ந்து 10 வாட் கண்ணாடித் தகடு ஒன்று, 12 வோல்ட் சின்ன பெட்டரி ஒன்று, நடுவில் சார்ஜ் கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்று வாங்கினால், தகடு வெளியே நிற்கும், பெட்டரி உள்ளே குளிரில் இருக்கும். அந்தத் தகடு கைச் சார்ஜரின் தகட்டைப் போல ஏழு மடங்கு பெரியது. மூடுபனி நாளிலும் ஒரு பட்டன் போனுக்கும் ஒரு விளக்குக்கும் போதுமானதைத் தரும். தெற்குப் பக்கமாகக் கொஞ்சம் சரித்து வைத்தால் மழையே கழுவிவிடும். கூரைத் தகரத்தில் துளை போடுவதென்றால் தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒழுகும்போது என்னிடம்தான் வருவீர்கள். வீட்டுக் கரண்ட் வயரோடு மட்டும் இதை இணைக்க வேண்டாம்.

மழை எச்சரிக்கை வந்தவுடன் போனையும் பவர் பேங்கையும் முழுதாக நிரப்பி விடுங்கள், கரண்ட் போன பிறகு நிரப்பலாம் என்று இருக்க வேண்டாம். கரண்ட் போனதும் டேட்டாவை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, லயத்துக்கு ஒரு போன் மட்டும் திறந்திருக்க மற்றவற்றை ஓஃப் பண்ணி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990 இரண்டையும் கடதாசியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். செத்த போனுக்குள் இருக்கும் நம்பர் யாருக்கும் உதவாது. சிக்னல் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும், அது நின்றால் நிரம்பிய போனும் பேசாது. அதற்காகத்தான் தாத்தாவின் ரேடியோவைப் போல ஒன்று லயத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்த மாதர் கூட்டம் வழமை போலப் பிள்ளைக் காம்பிராவில் நடக்கும். சோலார் சார்ஜர் வாங்கியவர்கள் அன்று கையோடு கொண்டு வாருங்கள். போன் திருத்துகிற தம்பி ஒருவர் மீற்றர் கொண்டு வருகிறார், சங்கக் கடைத் தராசையும் கேட்டிருக்கிறேன். அந்த அக்காவும் தன்னுடையதைக் கொண்டு வருவதாகச் சொன்னார். மகள் ஜனவரியில் மிச்சப் பாடங்களையும் எழுதி முடித்துவிட்டாள். இப்போது அந்தச் சார்ஜரில் அவர்கள் வீட்டுப் பட்டன் போன் ஏறுகிறது.